சேஃப்டிக்கு ஒரு அருவா

வீட்டில் தேங்காய் வெட்டுகிற அரிவாள் மழுங்கிப்போய்விட்டது. காய்ச்சி அடித்து வாங்கலாம் என்று போன மாசம் ஒரு கொல்லம்பட்டறைக்குப் போயிருந்தேன். தாமிரபரணிக் கரையோரம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஓட்டுக் கொட்டகை. துருத்தி ஊதுகிற காலம் போய், இப்போது சின்ன மோட்டார் காற்றடிக்கிறது. பழைய லாரியின் வில்பட்டையைத் துண்டு போட்டு, பழுக்கக் காய்ச்சி ஆசாரி தட்டிக்கொண்டிருந்தார். சுவரில் தொங்கியதெல்லாம் வேலைச் சாமான். நெல் அறுக்கிற கருக்கரிவாள், முள் வெட்ட நீளக் காம்பு போட்டது, வாழைத்தார் வெட்டுவது, பனையேறிகள் பாளை சீவுகிற மெல்லிசான பாளையரிவாள்.

இருபது வயசு இருக்கும், ஒரு பையன் வந்தான். பைக்கை விட்டு இறங்கவில்லை. காலை ஊன்றியபடியே கேட்டான்.

"அண்ணாச்சி, வீச்சருவா ஒண்ணு வேணும். நல்ல நீளமா."

"எதுக்குடே?"

"சும்மா, ஒரு சேஃப்டிக்கு."

ஆசாரி தட்டுவதை நிறுத்தவில்லை. "தேங்கா வெட்டவா, முள்ளு வெட்டவா, வாழத்தாரு வெட்டவா, அதச் சொல்லு. அதுக்குத் தக்கன அடிச்சுத் தாரேன். சேஃப்டிக்குன்னு ஒரு அருவா எனக்கு அடிக்கத் தெரியாது."

பையன் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மேஜை ஓரத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடந்தது. வாங்குகிறவர் பேர், ஊர், போன் நம்பர், என்ன வேலைக்கு என்று அதில் எழுதி வைக்கிறார். 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க போலீஸ் ரவுடி வேட்டை நடத்தியபோது, அரிவாள் செய்கிறவர்கள் இப்படிக் குறித்து வைக்க வேண்டும் என்று பட்டறை பட்டறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் அதை இன்னும் விடவில்லை.

அந்தப் பையன் சொன்ன வார்த்தை நம் பக்கம் புதிதல்ல. பைக் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பவனும், சட்டைக்குப் பின்னால் முதுகில் செருகியிருப்பவனும், ஏன் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு போன பிள்ளையும் பிடிபட்டால் முதலில் சொல்வது இதைத்தான். பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பலருக்கு உண்மையிலேயே பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குச் சட்டம் என்ன வழி விட்டிருக்கிறது, அரிவாளைக் கையில் எடுத்ததும் அந்த வழி எப்படி அடைபடுகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

முதலில், ஆயுதம் என்று சட்டம் எதைச் சொல்கிறது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ செய்யப்பட்ட, அல்லது அதற்காக மாற்றியமைக்கப்பட்ட பொருள் எதையும் ஆயுதம் என்கிறது. கூர்மையான ஆயுதங்களும் அதில் அடக்கம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. அந்த விலக்குக்குச் சட்டமே காட்டுகிற உதாரணங்கள் லத்திக்கம்பும் சாதாரணக் கைத்தடியும். சிலம்பம் படிக்கிற பிள்ளைகள் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுவதை யாரும் கேட்காதது இதனால்தான். 2016ஆம் ஆண்டு விதிகள் இன்னும் ஒரு படி இறங்கி அளவே சொல்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட வாள், கத்தி, ஈட்டி வகைகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை வேலைகளுக்கான கருவிகள் மட்டும் வெளியே.

நம் ஊர் அரிவாள் பெரும்பாலும் 9 அங்குலத்தைத் தாண்டும். ஆகவே அதைக் காப்பாற்றுவது அளவு இல்லை, வேலைதான். பனையேறி அரிவாள் பெட்டியில் வைத்திருக்கும் பாளையரிவாளைப் பற்றிக் கேள்வி வராது. தோட்டத்துக்குப் போகிறவர் அலகில் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டி பஸ்ஸில் கொண்டு போகிறார், அதுவும் சரி. அம்மன் கொடைத் திருவிழாவில் சாமியாடியின் கையில் வெட்டரிவாளும் சுடலைமாடனின் ஈட்டி போன்ற வல்லயமும் இருப்பது நம் வழிபாடு, அதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் வயலும் இல்லாமல், தோப்பும் இல்லாமல், ராத்திரி பத்து மணிக்கு நெல்லை வண்ணார்பேட்டை ரவுண்டானா பக்கம் ஒருவன் பைக்கில் வீச்சரிவாள் இருந்தால் அதை எந்த வேலைக்கு என்று சொல்வான்? "சேஃப்டிக்கு" என்று அவன் வாயைத் திறந்ததுமே, இது விவசாயக் கருவி அல்ல என்று அவனே ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. அந்த ஆசாரி சட்டம் படித்தவர் இல்லை. ஆனாலும் சட்டம் பிரிக்கிற அதே இடத்தில்தான் அவரும் பிரித்தார்.

துப்பாக்கியைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். பேங்க் வாசலில் முன்னாள் ராணுவத்தினர் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பழகியதால், லைசென்ஸ் சுலபமாகக் கிடைக்கும் என்று ஒரு நினைப்பு. கிடைக்காது. 21 வயசு முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தை மாவட்டத்தில் கலெக்டரும், 1997 முதல் போலீஸ் கமிஷனரேட்டாக இருக்கிற நெல்லை மாநகரில் கமிஷனரும் பார்ப்பார்கள். போலீஸ் விசாரணை உண்டு, மருத்துவச் சான்று உண்டு, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்றும் உண்டு. உயிருக்கு உண்மையான, கடுமையான ஆபத்து இருக்கிறது என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம், முன்பு மூன்று. லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாகியிருக்கிறது. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கல்யாண வீட்டில் குஷிக்காக வானத்தைப் பார்த்துச் சுட்டால்கூட இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். இந்தத் துப்பாக்கி விஷயம் நம் பக்கத்துச் சாதாரணக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன்.

நம் மக்களுக்கு அதிகம் தெரியாத, ஆனால் மிகவும் தேவையான சங்கதி வேறு. தற்காப்பு உரிமை என்று ஒன்று சட்டத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை வந்திருக்கின்றன. தற்காப்புக்காகச் செய்த எதுவும் குற்றம் ஆகாது, இதுதான் 34ஆம் பிரிவு. தன் உடம்பை மட்டுமல்ல, வேறு யாருடைய உடம்பையும் காப்பாற்றலாம். தன் சொத்தையும் அடுத்தவர் சொத்தையும் திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து காக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவைத் தெருவில் ஒருவன் அடிக்கிறான் என்றால், இடையில் புகுந்து தடுக்கிற உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. இதைப் பலர் நம்புவதில்லை. "நமக்கெதுக்கு, நாளைக்கு நம்ம மேலயே கேஸ் போடுவான்" என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்? சில கட்டங்களில் எதிராளியின் உயிர் போகிற அளவுக்கும் போகலாம் என்கிறது 38ஆம் பிரிவு. கொன்றுவிடுவான் என்ற நியாயமான பயம், கொடுங்காயம் ஏற்படும் என்ற பயம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், வெளியே உதவி கேட்க முடியாதபடி அடைத்துவைத்தல், ஆசிட் வீச்சு ஆகியவை அந்தக் கட்டங்கள். ஆசிட் வீச்சு 2013இல் சேர்க்கப்பட்டது. சொத்து விஷயத்தில் 41ஆம் பிரிவு இருக்கிறது. வழிப்பறி, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு புகுதல், வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவை அதில் வருகின்றன. பயம் நியாயமானதாக இருந்தால் போதும், முதல் வெட்டு விழுகிறவரை காத்திருக்கத் தேவையில்லை. உரிமை ஆபத்து நெருங்கும்போதே தொடங்கிவிடும். 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் வரிசையாக விளக்கி, சட்டத்தை மதிக்கிற குடிமகன் கோழையாக ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னது. உயிர் தொண்டைக்குழியில் நிற்கிற நேரத்தில் திருப்பி அடிக்கிற அடியை நிறுத்துப் பார்த்து அடிக்க யாராலும் முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

அப்புறம் எல்லைகள். இவை பெரும்பாலும் 37ஆம் பிரிவில் இருக்கின்றன. போலீஸிடமோ வேறு அரசு அதிகாரியிடமோ போக நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை கிடையாது. காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் காயப்படுத்தக் கூடாது. ஆபத்து விலகியதும் உரிமையும் விலகிவிடும். வீட்டுக்குள் புகுந்தவனைக் கம்பால் அடித்து விரட்டுவது தற்காப்பு. அவன் சுவர் ஏறிக் குதித்து ஓடிய பிறகு நாலு பேர் சேர்ந்து துரத்திப் பிடித்து, மின்கம்பத்தில் கட்டிவைத்து அடிப்பது அதில் சேராது. அதில் அவன் செத்துப்போனால் அடித்தவர்கள் மேல் கொலை வழக்கு வரும், வந்தும் இருக்கிறது. "நாளைக்கு அவன் என்னைப் போடுவான், அதனால இன்னைக்கே நான் போட்டேன்" என்ற கணக்குக்கு இந்தப் பிரிவுகளில் இடமே இல்லை. நாளைக்கு என்று சொல்ல முடிகிறது என்றால், ஸ்டேஷனுக்குப் போக இன்றைக்கு நேரம் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தச் சட்டத்தை முழுசாகக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு காட்சி இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில், தோட்டத்து வீட்டு முன்வாசலில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். முகத்தை மூடிய ஒருவன் பின்னாலிருந்து வந்து அவர் கழுத்தில் துணியைப் போட்டு இறுக்குகிறான். சத்தம் கேட்டு உள்ளே இருந்து வந்த அவர் மனைவி, கையில் கிடைத்த செருப்பை எடுத்து எறிகிறார். இன்னொருவனும் வந்துவிடுகிறான், கையில் அரிவாள். அதற்குள் பெரியவர் கழுத்தை விடுவித்துக்கொண்டு எழுந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டூல், எது கைக்கு வந்ததோ அதை எடுத்து இரண்டு பேரும் விடாமல் வீசுகிறார்கள், அடிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அரிவாள்காரர்கள் இருட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அம்மாவின் கையில் காயம், கழுத்துச் சங்கிலி போய்விட்டது, ஆனால் இரண்டு உயிரும் தப்பின. வீட்டுக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை உலகமே பார்த்தது. நாலே நாளில், சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அவர்களுக்குத் துணிச்சலுக்கான விருது கொடுத்தது.

நான் அந்த வீடியோவைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கண் போவது அந்த நாற்காலியின் மேல்தான். நாற்காலிக்கு நாலு கால், அரிவாளை விட நீளம் அதிகம். நீட்டிப் பிடித்தால் எதிராளியைக் கை எட்டாத தூரத்திலேயே நிறுத்தலாம். வீசினால் கீழே விழும்போது பெரிய சத்தம் வரும். அதைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை, அவர் அதில்தான் உட்கார்ந்திருந்தார். சட்டப்படி பார்த்தாலும் அந்தக் கணக்கு நேராக இருக்கிறது. ராத்திரி நேரம், கழுத்தை இறுக்கினார்கள், அரிவாள் இருந்தது. அந்த நிமிஷத்தில் பெரியவரும் அவர் மனைவியும் இன்னும் கடுமையாகத் தாக்கியிருந்தாலும் சட்டம் அவர்கள் பக்கமே நின்றிருக்கும். வந்தவர்கள் ஓடியதும் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

இதே இடத்தில் பெரியவர் இடுப்பில் ஒரு வீச்சரிவாள் செருகியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்து கழுத்தை இறுக்குகிறவனை இடுப்பு அரிவாளால் என்ன செய்வது? உருவுவதற்குள் அதை அவனே பறித்துக்கொண்டிருக்கலாம். பதுங்கி வருகிறவன்தான் நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்கிறான். ஒளித்து வைத்திருப்பது அந்த முதல் இரண்டு மூன்று விநாடியில் உதவுவதில்லை. அது உதவுவதெல்லாம் அதற்குப் பிறகு, அதாவது சண்டை என்று ஆன பிறகு. சண்டை என்று ஆகிவிட்டால் கோர்ட்டில் பேச்சே மாறிவிடுகிறது. இரண்டு தரப்பும் ஆயுதத்தோடு வந்து மோதிக்கொண்டால் அதில் யாரும் தற்காப்பு என்று எளிதில் சொல்லிவிட முடியாது. யார் முன்கூட்டியே ஆயுதத்தோடு வந்தது, யார் உடம்பில் எந்தப் பக்கம் காயம், காயம்பட்டவன் ஓடும்போது பட்டதா நிற்கும்போது பட்டதா, எல்லாம் கேள்வியாகும்.

நிரூபிக்கிற பொறுப்பும் நம் தலையில்தான் விழுகிறது. தற்காப்புக்காகச் செய்தேன் என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 108ஆம் பிரிவு சொல்கிறது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். ஆனாலும் அதற்குள் எஃப்.ஐ.ஆர்., கைது, ஜாமீன், வாய்தா என்று வருஷக்கணக்கில் அலைச்சல் இருக்கும். கையில் கிடைத்த நாற்காலியை எடுத்தவருக்கும், முதல் நாளே நோட்டில் பெயர் எழுதி அரிவாள் வாங்கியவனுக்கும் அந்த அலைச்சலில் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

நெல்லைச் சீமையில் ஆயுதமும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதற்குப் பழைய காரணம் இருக்கிறது. பாளையக்காரர் காலத்தில் ஊர்ப் பாதுகாப்பே காவல் முறையில்தான் நடந்தது. ஊருக்கு உள்ளே தலங்காவல், பெரிய வட்டாரத்துக்குத் திசைகாவல். ஊர் காவல்கூலி கொடுக்கும். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லை ஈடு கட்ட வேண்டும். மாடு காணாமல் போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்கிற வழக்கமும் இருந்தது. காவல் காக்கிறவர் கையிலேயே ஊரின் பயமும் இருந்தது என்பதுதான் அந்த முறையின் கோளாறு. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாவது முறை விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டு, இந்தப் பக்கத்தில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தார். பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட்டன. பின்னால் 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு கொடுத்தது. ஆயுதத்தைப் பறிப்பது அவமானம் என்ற எண்ணம் நம் ஆட்கள் மனதில் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், இங்கிருந்து என்றுதான் சொல்வேன். அந்த அவமானம் உண்மை. ஆனால் கம்பெனிப் பட்டாளத்துக்கு எதிராக எடுத்த வேலும் வளரியும் வேறு, பக்கத்துத் தெருக்காரனுக்குப் பயந்து பைக்கில் வைக்கிற வீச்சரிவாள் வேறு. இரண்டையும் ஒரே வீரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பிளெக்ஸ் பேனர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஏனென்றால் அது இப்போது பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் வந்த அந்த அறிக்கை, சாதியைக் காட்டுகிற கலர் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி வகுப்பறைக்குள் எட்டாம் வகுப்புப் பையன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான், தடுக்க வந்த ஆசிரியையும் காயம்பட்டார். காரணம் பென்சில் தகராறு என்றார்கள். பென்சில் தகராறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் உண்டு, நாங்களும் மண்டையில் கொட்டிக்கொண்டிருக்கிறோம். பைக்குள் அரிவாள் இருந்தால் அதே தகராறு எங்கே போய் நிற்கிறது என்பதை இதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

எதிர்க்கேள்வி ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிவிடக் கூடாது. "ஸ்டேஷனுக்குப் போனா மட்டும் காப்பாத்திருவாங்களா?" 2024 டிசம்பர் 20 அன்று பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்ற வாசலிலேயே ஓர் இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் நீதிமன்றங்களில் ஆயுதம் ஏந்திய போலீஸ் காவலுக்குப் போடப்பட்டது. 2025 மார்ச் 18 அன்று நெல்லை டவுனில் ரம்ஜான் மாதத் தொழுகை முடித்துத் திரும்பிய ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலத் தகராறில் தன் உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று வீடியோவில் சொல்லியிருந்தவர் அவர். போலீஸ் வேலை பார்த்தவருக்கே இந்தக் கதி என்றால், சாதாரண ஆள் பயப்படுவதை எப்படித் தப்பு சொல்வது? நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த இரண்டு சம்பவத்திலும் கும்பலாகக் காத்திருந்து வந்தவர்களை இடுப்பில் உள்ள ஒற்றை அரிவாள் தடுத்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. தடுத்திருக்க வேண்டியது, ஆபத்து இருக்கிறது என்று சொன்ன அன்றைக்கே நடந்திருக்க வேண்டிய வேலை.

அந்த வேலையைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. மிரட்டல் வந்தால் வாயால் சொல்லிவிட்டு வரக் கூடாது. யார், எப்போது, எங்கே, என்ன வார்த்தை சொன்னார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், போன் பதிவு, மெசேஜ் இருந்தால் சேர்க்க வேண்டும். மனு ரசீது கையில் வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வரக் கூடாது. பிடிவாரண்டு இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்க்காமல் எங்கேயும் புகார் பதிவு செய்யலாம் என்று புதிய நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. பாதுகாப்பு கேட்டு மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளைக்கும் போகலாம், 2004 முதல் நம் மாவட்ட வழக்குகளுக்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை.

ஒரு கொலை வழக்கில் சாட்சியாக இருப்பவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின்படி மாவட்ட அளவிலேயே விண்ணப்பிக்கலாம். ஆபத்தின் அளவைப் போலீஸ் மதிப்பிட்ட பிறகு வீட்டுக்குக் காவல், கேமரா, கோர்ட்டுக்குப் போக வரத் துணை, தேவைப்பட்டால் வேறு இடத்தில் தங்க வைப்பது வரை அதில் இருக்கிறது. சாதி மாறிக் காதலித்துக் கல்யாணம் செய்கிறவர்களுக்கு, அதே 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் வந்த தீர்ப்பு பாதுகாப்பு இல்லங்களையும் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவையும் அமைக்கச் சொல்கிறது. நம் பக்கத்தில் இதற்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கிற வக்கீல்களும் சட்ட உதவி மையமும் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறார்கள். பட்டறைக்குப் போகிற தூரத்தை விட அது அதிகமில்லை.

பெண்கள் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளட்டுமே என்று கேட்டால், பெப்பர் ஸ்பிரே ஆயுதச் சட்டத்துக்குள் வராது, கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை விட அது நல்லது, பொடி காற்றில் நம் கண்ணுக்கே திரும்பிவிடும். ஸ்பிரேயும் எதிர்க்காற்றில் அதே வேலையைச் செய்யும், அதனால் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பையின் அடியில் டிபன் பாக்ஸுக்குக் கீழே கிடந்தால் பயன் இல்லை. காலாவதித் தேதி இருக்கிறது, அதையும் பாருங்கள். ஆபத்து இல்லாத சில்லறைத் தகராறில் அதை அடித்தால் அதுவும் வழக்காகும். 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்ய மறுத்து, பெப்பர் ஸ்பிரேயை அபாயகரமான ஆயுதம் என்ற கோணத்தில் பார்த்திருக்கிறது. செயின் பறிப்புக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவில் தனிக் குற்றமே இருக்கிறது, மூன்று வருஷம் வரை தண்டனை. செயின் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வேன், பைக்கோடு இழுத்துப் பிடித்துத் தலை ரோட்டில் மோதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆச்சி முக்கூடல் பக்கம் தனியாக இருக்கிறாள். அரிவாள் வீட்டில் இருக்கிறது, அடுக்களையில், தேங்காய்க்குப் பக்கத்தில். தலைமாட்டில் அவள் வைத்திருப்பது ஒரு எவர்சில்வர் தாம்பாளமும் கரண்டியும். ராத்திரி ஏதாவது சந்தேகம் வந்தால் கதவைத் திறக்காமல் தாம்பாளத்தில் ஓங்கி அடிப்பாள். எதிர் வீட்டு மதினி லைட்டைப் போடுவாள், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், தெரு முழுக்க முழித்துக்கொள்ளும். ஒரு தடவை பூனைக்காக அடித்துவிட்டாள் என்று மறுநாள் எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அன்றைக்கும் எல்லோரும் எழுந்து வந்தார்கள். போன வாரம் போயிருந்தபோது வாசலுக்கு ஒரு சென்சார் லைட் மாட்டிக் கொடுத்தேன். போனில் பவர் பட்டனைச் சட்சட்டென்று அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி வைத்து, 112 என்று பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டினேன், பெண்களுக்கான 181ஐயும் கீழே எழுதினேன். ஆச்சி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை வாசித்தாள். அப்புறம் தாம்பாளத்தைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.